விநாயகமூர்த்தி சுமந்த மின்சாரம்

விநாயகமூர்த்தி மின்சாரம் கடத்துகிறார் என்று ஆக்லாந்தின் தகனினியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பொய்யில்லை. வேலை நாட்களில் காலையில் கிட்டத்தட்ட வெறுமையான காருடன் ஈஸ்ட் டாமாக்கிக்கு வேலைக்குப் புறப்படுவார். மாலையில் கார் நிறைய மின்சாரத்துடன் வீடு திரும்புவார். இதைக் குற்றம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அவருடைய மனைவி யோகராணி மட்டும்தான் சொன்னார்.

குளியலறைத் தொட்டிகளும் குழாய்களும் அடுக்கிவைக்கும் ஒரு பெரிய கிடங்கில் அவருக்கு மேற்பார்வையாளர் வேலை. கிடங்கின் கூரை முழுவதும் சோலார் தகடுகள். வேலை செய்பவர்கள் தங்கள் மின்கார்களை அங்கே இலவசமாகச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நிர்வாகம் ஒருநாள் அறிவித்தது. வேலைக்கு வந்துபோகத் தேவையான அளவு என்று நிர்வாகம் நினைத்தது. விநாயகமூர்த்தி அப்படி நினைக்கவில்லை. மறுவாரமே கார்க் கடைக்குப் போனார். வேகம் என்ன என்று கேட்கவில்லை. இருக்கையைத் தடவிப் பார்க்கவில்லை. "இதுக்குள்ள போன கரண்டைத் திருப்பி வெளியில எடுக்கலாமோ?" என்பது ஒன்றே அவருடைய கேள்வி. தாராளமாக எடுக்கலாம், கடற்கரையில் கூடாரம் போட்டால் கெட்டில் வைத்துத் தேநீர் குடிக்கலாம் என்றார் விற்பனையாளர். விநாயகமூர்த்திக்குக் கூடாரம் போடும் ஆசை இல்லை. கெட்டில் வீட்டிலேயே இருந்தது.

அன்று முதல் அந்த வீட்டின் மாலைப்பொழுது மாறிப்போனது. கார் வந்து நின்றதும் அதன் வாயில் ஓர் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் செருகப்படும். வயர் பூச்செடிகளைக் கடந்து, லாண்டரி ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, சமையலறைக்குள் வரும். சோறு அதில் வேகும். மிக்ஸி அதில் அலறும். தொலைக்காட்சியில் மருமகள்கள் அதில் கண்ணீர் விடுவார்கள். சாப்பிடும்போது விநாயகமூர்த்தி ஒரு கவளத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இது வெயிலில வெந்த சோறு, யோகம். ருசியில வித்தியாசம் தெரியேல்லையோ?" என்று கேட்பார்.

"தெரியுது. ஆறிப்போய்க் கிடக்கு" என்பார் யோகராணி.

ஓடுவதற்காக வாங்கிய கார் இப்படி அடுப்பாகிப்போனதுதான் யோகராணியின் துயரம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்றால், "பருப்பு வேகுதப்பா, கார் எப்பிடி வரும்?" என்பார் கணவர். கிடங்கில் அவருக்குக் கீழே வேலை செய்யும் சரத் என்ற தமிழ்நாட்டுக்காரரும் தன் பங்குக்கு விடுவதில்லை. மாலையில் சார்ஜ் வயரைக் கழற்றும்போது பின்னால் வந்து நிற்பார். "அண்ணே, வீட்டுக்குப் பார்சல் கட்டியாச்சா? சாம்பாருக்குத் தனியா, ரசத்துக்குத் தனியா ஊத்திக்கிட்டீங்களா?"

"சிரியும், சிரியும். ஒருநாளைக்கு இந்தக் கரண்ட் ஒரு உயிரைக் காப்பாத்தும். அண்டைக்குப் பாரும்."

"காப்பாத்துங்கண்ணே. ஆனா நாளைக்குக் காலையில சீக்கிரம் வாங்க, இருக்கறது நாலே சார்ஜர்."

மின்சாரத்தின் மேல் அவருக்கு இருந்த இந்தக் காதலுக்கு ஒரு முன்கதை உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மின்சாரம் இல்லை. இளைஞரான விநாயகமூர்த்தி சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பார். டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி பாடும். பக்கத்தில் குந்தியிருந்து கேட்பவள் தங்கை தமயந்தி. அவளுக்குப் பாட்டை விட நாடகம்தான் விருப்பம். கதாநாயகி அழத் தொடங்கினால் தமயந்தியும் அழுவாள். அழுதுகொண்டே, "அண்ணை, இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ" என்பாள். கதாநாயகி அழுது முடிக்கும்வரை அண்ணன் மிதிக்கவேண்டும். அந்தக் காலத்துக் கதாநாயகிகள் சுருக்கமாக அழுது பழகாதவர்கள். விநாயகமூர்த்தியின் கால்கள் இன்றும் உறுதியாக இருப்பதற்கு அவர்களே காரணம்.

அப்படி மிதித்த அண்ணனும் அப்படிக் கேட்ட தங்கையும் இப்போது ஒரே நகரத்தில், ஒருவர் தெற்கில் தகனினியிலும் மற்றவர் வடக்கில் ஆல்பனியிலும் இருக்கிறார்கள். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நடுவே கிடந்தது கடல்கூட இல்லை. ஓர் எவர்சில்வர் சட்டி.

தகனினியில் புதுவீட்டுக்குக் குடிபூரல் நடந்தபோது தமயந்தி வரவில்லை. அவருடைய கணவர் இரத்தினசிங்கம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடமுடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். யோகராணி குறை பிடிக்கவில்லை. ஒரு மூடிச் சட்டி நிறையப் பயத்தம் உருண்டையும் அரியதரமும் வைத்து மகள் பிரணவியிடம் கொடுத்து அனுப்பினார். பிரணவி ஆல்பனியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். அடுத்த சனிக்கிழமை சட்டியும் அவளுடன் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவி, துடைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று, வெறுமையாக.

நம் வீடுகளில் ஒருவர் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. நாலு வாழைப்பழமாவது வைப்போம். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போடுவோம். அதுவும் குடிபூரல் முடிந்த புதுவீட்டுக்கு வெறுஞ்சட்டி! யோகராணி மூடியைத் திறந்து பார்த்தார். சட்டியின் அடியில் அவருடைய முகமே தெரிந்தது. "எங்கட வீடு வெறுமையாப் போகட்டும் எண்டு உங்கட தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கிறா" என்றார். சட்டி சமையலறையின் உச்சித் தட்டுக்கு ஏறியது.

ஆல்பனியில் தமயந்தியும் காத்திருந்தார். பலகாரம் அனுப்பிய அண்ணி, கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறைகூடப் போனில் கேட்கவில்லை. புதுவீடு வந்ததும் மனிதரை மறந்துபோனார்களோ என்று நினைத்தார். இப்படி இரண்டு பெண்களும் தத்தம் நியாயத்தை அடைகாத்துக்கொண்டிருக்க, விநாயகமூர்த்தி நடுவில் நின்று ஆண்களின் வழக்கப்படி ஒன்றும் செய்யவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆக்லாந்தில் புயல் அடித்தது. வெளியில் துணி காயப்போட முடியாது என்று விநாயகமூர்த்தி காலையிலிருந்து டிரையரைக் காரில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மதியம் பிரணவி போனைப் பார்த்தபடி சமையலறைக்குள் வந்தாள்.

"அப்பா, மாமி வீட்டில பவர் இல்ல. மோர்னிங்ல இருந்து."

"எந்த மாமி?" என்று கேட்டார் யோகராணி, எந்த மாமி என்பது தெரிந்துகொண்டே.

"தமயந்தி மாமி. மாமாக்கு ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து ஒக்ஸிஜன் மெஷின், இப்ப அது ஓடாது. ஸ்பேர் சிலிண்டர்ல இருக்கிறார். அது ஈவினிங் வரைக்கும்தான் வரும். ரோட்டில மரம் விழுந்திருக்கு, கரண்ட் எப்ப வரும் எண்டு தெரியாதாம். நர்ஸ் ஆம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறா. மாமா வேண்டாமாம்."

"ஏன் வேண்டாமாம்?"

"போன முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாகப் பாத்தனான், இந்த முறை போனா வரமாட்டன் எண்டு கதவைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாராம்."

"இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"மாமி."

"நீ மாமியோட கதைக்கிறனியோ?"

பிரணவி போனைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு வெட்னஸ்டேயும் அங்கதான் சாப்பிடுறன்."

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டுக்குள் தனியாக ஒரு புயலைக் கிளப்பியிருக்கும். அன்று அதற்கு நேரம் இல்லை. விநாயகமூர்த்தி ஓடிப்போய்க் காரின் திரையைப் பார்த்தார். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்தார். "என்ர பனியன் காயிறதுக்கு என்ர மச்சான்ர மூச்சை எரிச்சுப்போட்டனே!"

"அப்பா, அந்த மெஷின் ரெண்டு மூண்டு பழைய பல்பு அளவுதான் எடுக்கும். இருக்கிற கரண்ட் ஒரு நாளைக்கு மேல காணும்" என்றாள் பிரணவி.

அவர் காதில் அது விழவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல அவருடைய பயம். சட்டி இன்னும் உச்சித் தட்டில் இருந்தது.

யோகராணி எழுந்தார். டிரையரை நிறுத்தினார். வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வயரைச் சுத்துங்கோ."

"யோகம்..."

"ஒரு மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறார். இதில என்ன யோகம்?" என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் இருந்த புட்டைப் பார்த்தார். ஒரு வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகமுடியாது. மூடியுள்ள பெரிய பாத்திரம் என்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றுதான். நாற்காலியில் ஏறி அதை இறக்கினார்.

நெடுஞ்சாலையில் அன்று விநாயகமூர்த்தி கார் ஓட்டவில்லை, பால்குடம் எடுத்தார். ஒரு துளி சிந்தக்கூடாது என்று ஹீட்டரை நிறுத்தினார். ரேடியோவை நிறுத்தினார். இருக்கைச் சூட்டை நிறுத்தினார். லொறிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. சாமான் ஏற்றிய லொறியின் சாமான் வழியில் குறைவதில்லை. இவர் ஏற்றிய சாமானோ ஓடினாலே குறைந்தது. மைலுக்கு மைல் தன்னையே தின்றுகொண்டு வந்தது. திரையில் எண் ஒன்று குறையும்போதெல்லாம் அவர் "முருகா" என்றார். பின்னால் யோகராணி சூட்டுச் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு இருந்ததால் அவர் ஒருவர்தான் குளிரவில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தார்.

"டாட், ஹீட்டர் போட்டா ஒண்டும் ஆகாது. பிளீஸ்" என்றாள் பிரணவி, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு.

"உன்ர மாமா அங்க மூச்சில்லாமல் கிடக்கிறார். நீ இஞ்ச சூடு கேக்கிறாய்!"

துறைமுகப் பாலத்தில் காற்று பலமாக இருந்தது. வேகத்தைக் குறைத்துத்தான் ஓடவேண்டும் என்று பலகைகள் மின்னின. வரிசையில் நின்ற எல்லோரும் சபித்தார்கள். மெதுவாகப் போனால் மின்சாரம் மிச்சமாகும் என்பதால், அந்த உத்தரவைக் கண்டு மகிழ்ந்த ஒரே மனிதர் அன்று ஆக்லாந்தில் விநாயகமூர்த்தியாகத்தான் இருந்திருப்பார். கீழே கடல் கறுத்துக் கொதித்தது. பாலத்தின் நடுவில் கார் ஒருமுறை ஆடியபோது, "நான் போனாலும் பரவாயில்லை, கரண்ட் போய்ச் சேரவேணும்" என்றார். கார் போகாமல் கரண்ட் மட்டும் எப்படிப் போய்ச் சேரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆல்பனியில் தமயந்தியின் தெரு ஓசையற்றுக் கிடந்தது. கதவைத் திறந்த தமயந்தி முதலில் வாராவாரம் வந்து சாப்பிடும் பிரணவியைப் பார்த்தார். பிறகு அண்ணனை. பிறகு அவருக்குப் பின்னால், சட்டியோடு நின்ற அண்ணியை. இரண்டு வருடமாக இந்த நிமிடத்துக்காக அண்ணனும் அண்ணியும் தங்கையும் மனத்துக்குள் எத்தனையோ வசனம் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இரத்தினசிங்கம் இருமுகிற சத்தம் கேட்டது. விநாயகமூர்த்தி வயரை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் தேடி ஓடினார்.

ஆரஞ்சு வயர் ஹால் ஜன்னல் வழியாக நுழைந்தது. இரத்தினசிங்கம் சாய்நாற்காலியில் மூக்கில் குழாயோடு, நீலம் பூத்த உதடுகளோடு இருந்தார். பக்கத்தில் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரணவி குழாயை மெஷினுக்கு மாற்றினாள். விநாயகமூர்த்தி சுவிட்சைப் போட்டார். மெஷின் ஒருமுறை கூவியது. பிறகு சீராக முனகத் தொடங்கியது. நால்வரும் அந்த மனிதரின் நெஞ்சையே பார்த்தபடி நின்றார்கள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. உதட்டில் மெல்ல நிறம் வந்தது.

தமயந்தி ஜன்னலுக்கு வெளியே, மழையில் நனைந்தபடி நின்ற காரைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணை," என்றார், "இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ."

நெஞ்சில் கை வைத்துப் பேசுவதற்கு விநாயகமூர்த்தி தயாரித்துவந்த வசனங்கள் அத்தனையும் அங்கேயே கரைந்துபோயின. அவர் ஜன்னல் திரைச்சீலையில் முகம் துடைத்தார்.

"மச்சான்," என்று இரத்தினசிங்கம் மெல்லக் கூப்பிட்டார். "என்ன, நடந்தே வந்தியளோ? பிள்ளை போன் எடுத்து எவ்வளவு நேரம்!"

"கரண்ட் சிந்தாமல் கொண்டுவந்தனான், மச்சான்."

"நல்ல காலம். இன்னும் கொஞ்சம் கவனமா வந்திருந்தா நேரா என்ர செத்தவீட்டு எட்டுச் செலவுக்குத்தான் வந்திருப்பியள்."

"வாயைக் கழுவுங்கோ!" என்று தமயந்தி அதட்டினார். அதட்டிக்கொண்டே அண்ணியின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றார். "இது அந்தக் குடிபூரல் சட்டியெல்லே, அண்ணி?"

"ஓம் மச்சாள்," என்றார் யோகராணி. இரண்டு வருடம் அந்த ஓமுக்குள் இருந்தது. "நீர் வெறுமையா அனுப்பிவிட்ட அதே சட்டிதான்."

"வெறுமையாவோ?" தமயந்தி அதிர்ந்துபோனார். "ஆஸ்பத்திரியால வந்து விழுந்த நாள். வீட்டில பால்கூட இல்லை. எண்டாலும் வெறுமையா அனுப்பக்கூடாதெண்டு ரெண்டு கரண்டி சீனி போட்டல்லோ மூடினனான்!"

"சீனியோ? நான் கண்ணால பாத்தனான். என்ர மூஞ்சை தெரிஞ்சுது!"

"என்ர பிள்ளையாராணை போட்டனான் அண்ணி!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் பிரணவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வெயிட்," என்றாள். "அந்தச் சுகர்... அது வேணுமெண்டு போட்டதா?"

தமயந்தி ஓம் என்று தலையாட்டினார்.

"மாமி சரியாக் கழுவேல்லை எண்டு நினைச்சன். அடியில ஒட்டிக்கொண்டு இருந்துது. அம்மா மாமியைப் பத்தி ஏதும் சொல்லுவா எண்டு... என்ர ரூமில வைச்சு நல்லாக் கழுவினன். சோப் போட்டு. ரெண்டு தரம்."

முதலில் சிரித்தவர் இரத்தினசிங்கம். சிரித்த வேகத்தில் மூக்குக் குழாய் கழன்று விழுந்தது. மூச்சுத் திணறியது. தமயந்தி ஓடிவந்து குழாயை மாட்டினார். மாட்டும்போதே அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. யோகராணி மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு மச்சாளின் தோளில் சாய்ந்தார். தன் மகளைத் தானே ஒழுங்காக வளர்த்ததன் விளைவு இது என்பது அவருக்கு அந்த நேரத்தில் புரிந்திருக்கவேண்டும்.

புட்டைப் பரிமாறத் தட்டுகள் எடுத்தபோது, தலைக்கு மேல் விளக்குகள் பளீரென்று எரிந்தன. குளிர்ப்பெட்டி உறுமியது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். மெயின் கரண்ட் வந்துவிட்டது.

விநாயகமூர்த்தியின் முகம் மட்டும் இருண்டது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, புயலிலும் பாலத்திலும் காத்துக் கொண்டுவந்த மின்சாரம். அது ஓடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்பா, இனி சுவரில மாட்டலாம்" என்று பிரணவி வயரைத் தொட்டாள்.

"தொடாதை! மெயின் கரண்டை நம்பேலாது. வரும், போகும். இது சொந்தக்காரன்ர கரண்ட்."

"இருக்கட்டும் பிள்ளை," என்றார் இரத்தினசிங்கம், கண்ணைச் சிமிட்டி. "இந்தக் காத்தில ஒரு தனி ருசி இருக்கு. மச்சான் கொண்டுவந்த காத்தெல்லே." வயர் அப்படியே இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, விநாயகமூர்த்தி சாய்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்ட பிறகுதான் யாரோ அதைக் கழற்றினார்கள்.

இருட்டத் தொடங்கியதும் புறப்பட்டார்கள். வெளியில் வந்த விநாயகமூர்த்தி திகைத்து நின்றார். ஆரஞ்சு வயர் சுருட்டிவைக்கப்பட்டிருந்தது. காரின் சார்ஜ் வயர் டிக்கியிலிருந்து எடுக்கப்பட்டு, தமயந்தியின் கராஜ் சுவரிலிருந்து காருக்குப் போயிருந்தது. திரையில் எண் அவர்கள் வந்தபோது இருந்ததை விட மேலே நின்றது.

"என்ன தங்கச்சி உது? நான் தர வந்தனான். நீ தாறாய்?"

"வெறுங் காரை எப்பிடி அண்ணை அனுப்புறது?" என்றார் தமயந்தி. "பிறகு அண்ணி என்னோட இன்னும் ரெண்டு வருசம் கதைக்கமாட்டா."

திரும்பும் வழியில் பிரணவி போனில் ஏதோ கணக்குப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஈஸ்ட் டாமாக்கி வெயிலை ஆல்பனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆல்பனி கரண்டைத் தகனினிக்குக் கொண்டுவந்ததில், பாதி ரோட்டில்தான் செலவானது என்றாள். இதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்றும் சொன்னாள். விநாயகமூர்த்தி நிறைந்த மனத்தோடு ஹீட்டர் பொத்தானைத் தேடிக் கையை நீட்டினார்.

பின்னாலிருந்து அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"தொடாதேங்கோ," என்றார் யோகராணி. அவர் மடியில் சட்டி இருந்தது. சட்டிக்குள் சீனி இருந்தது. அதைத் தூக்க அவர் பிரணவியை விடவில்லை. "மச்சாள் தந்த கரண்ட். நாளைக்குக் காலம அதிலதான் பால் காய்ச்சப்போறன். குடிபூரலுக்கு அவ வரேல்லையெல்லோ."

பாலத்தில் காற்று இன்னும் அடங்கவில்லை. மூன்று பேரும் நடுங்கிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.